ஐவி எண்ணிய சுற்றுகள்

டோரீன் ஆக்ஸ்லிக்கு யார் மேலும் முழு நம்பிக்கை வந்ததில்லை. பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவாள். கறிக்கடையில் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். இங்கிலாந்தின் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியில் அவள் குடியிருந்த தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். அவள் செய்த வேலையைச் செய்திருந்தால் அவர்களும் அப்படித்தான் ஆகியிருப்பார்கள்.

யுத்த காலத்தில், பதினைந்து வயதில், டிரான்ஸ்ஃபார்மர் ஆலையின் கம்பி சுற்றும் மேசையில் போய் உட்கார்ந்தாள். ஆலையை மூடிய அன்றைக்குத்தான் எழுந்தாள். கிட்டத்தட்ட முப்பது வருஷம். தலைமுடி கனத்துச் செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, கடைசியில் மெழுகில் முக்கி எடுத்துவிட்டால், உள்ளே ஒரு சுற்று குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அதனால் சுற்றுகிறவள் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சுற்ற வேண்டும். பழகிய கை, பழகிய கம்பி, எதையும் நம்பக்கூடாது. அந்தப் புத்தியை ஆலையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆலையிலிருந்து அவள் கொண்டுவந்த இன்னொன்று ஐவி சக்டன். எதிர்வீட்டு ஐவி. கணவரைச் சுரங்கத்துத் தூசுக்குப் பறிகொடுத்தவள். இருபது வருஷம் டோரீனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆலை மூடிய மறு மாதமே இருவரும் டோரீன் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற அறையில், ஒரு பழைய சுற்று இயந்திரத்தைப் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்கான டிரான்ஸ்ஃபார்மர்கள். டோரீன் சுற்றுவாள். ஐவி எண்ணுவாள். இயந்திரத்தில் எண்ணும் முள் ஒன்று இருந்தது, ஆனால் அது அவ்வப்போது வழுக்கும். எனவே ஐவி வாய்க்குள் முணுமுணுத்து எண்ணி, ஐம்பது சுற்றுக்கு ஒரு காய்ந்த பட்டாணியை இடது கோப்பையிலிருந்து வலது கோப்பைக்கு மாற்றுவாள். முப்பத்தெட்டுப் பட்டாணி மாறினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று. நடுவில் யாராவது கதவைத் தட்டினாலும் ஐவி திரும்ப மாட்டாள்.

சுற்று வட்டாரத்து ஆம்ப் ரிப்பேர் எல்லாம் கெல்டர் என்பவரின் இசைக்கருவிக் கடைக்கு வரும். கெல்டர் டிரான்ஸ்ஃபார்மர் வேலையை டோரீனுக்கு அனுப்புவார். மெழுகின் மேல் அவள் பெயரின் முதல் எழுத்துகள் கீறியிருந்தால், அது சாகாது என்று கிடார்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

எழுபத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் முதலாவது செத்தது.

டெரி மாலின்சன் என்ற பையன்முகத்து ஆள், நாற்பது வயது, பகலில் கண்ணாடித் தொழிற்சாலை, சனி ஞாயிறு சாயங்காலங்களில் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் கிடார். டோரீன் சுற்றிக்கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்த அவனுடைய ஆம்ப் புகைந்துபோய் வந்தது. டோரீன் புதிது சுற்றிப் போட்டாள். நவம்பரில் அதுவும் போயிற்று. கெல்டர் தாமே அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க, டீ போடறேன்" என்றாள் டோரீன்.

"டீ இருக்கட்டும். இதை மோந்து பாருங்க."

மோந்து பார்க்க வேண்டியதே இல்லை. வாடை அறை முழுக்க வந்துவிட்டது.

"ஒரு தடவைன்னா நான் வாயத் திறக்க மாட்டேன், மிசஸ் ஆக்ஸ்லி. ரெண்டு தடவை ஆயிடுச்சு. லண்டன்ல ஒரு கம்பெனிக்காரன் மெஷின்ல சுத்தி அனுப்பறான். மூணாவதும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா, நான் எல்லாத்தையும் அங்கேயே வாங்கிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்காம வேற எப்படி எடுத்துக்கறது?" என்றாள் டோரீன். கெல்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இதில் தப்பு எங்கே வரும் என்பது கம்பி தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வு என்கிற கண்ணாடிக் குழாயும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜோடி. வால்வு அதிக அழுத்தத்தில் கொஞ்சம் மின்சாரம் தரும். ஸ்பீக்கருக்கோ குறைந்த அழுத்தத்தில் நிறைய வேண்டும். நடுவில் நின்று தரகு பேசுவதுதான் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கரின் தடை நாலு ஓமா, எட்டா, பதினாறா என்று பார்த்து, பெட்டிக்குப் பின்னாலுள்ள குமிழை அந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தால் தரகு ஒழுங்காக நடக்கும். எட்டில் வைத்துவிட்டு முப்பத்திரண்டு ஓமை மாட்டினால், வால்வு தள்ளுகிற சக்தி போக வழியில்லாமல் திரும்பும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சுருளுக்குள்ளே காகிதத்தைப் பொத்துக்கொண்டு பாயும். டோரீன் பிரித்துப் பார்த்த இரண்டிலும் ஊசி குத்தியதுபோல் கருகிய ஓட்டை இருந்தது. யாரோ தப்பான ஓமை மாட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சுருளிலேயே கோளாறு. நடுவில் வேறெதுவும் இருக்க முடியாது என்று அவள் முடிவு கட்டினாள்.

முதல் சந்தேகம் டெரி மேல். கிடார்க்காரர்களை டோரீன் எப்போதும் நம்பியதில்லை. சத்தம் கூடும் என்று எவனாவது சொன்னால் இஸ்திரிப்பெட்டியைக்கூட மாட்டுவார்கள் என்பது அவள் கட்சி. அவனை வரவழைத்து உட்காரவைத்து விசாரித்தாள்.

"உண்மையச் சொல்லு. அந்தக் குமிழைத் தொட்டியா?"

"தொடவே இல்லம்மா. சத்தியமா."

"வேற யார் பெட்டியையாவது சேர்த்து மாட்டினியா?"

"நீங்க எட்டுன்னு சொன்னீங்க, எட்டுலதான் இருக்கு. என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"திருடனா இருந்தா இவ்வளவு வேர்க்காது" என்றாள் டோரீன். பாவம், அவன் அடுப்புக்குப் பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது சந்தேகம் சொந்தப் புருஷன் மேல். ஆர்னல்ட் பஸ் ஓட்டுகிறவர். ஓய்வு நேரத்தில் கிழிந்த ஸ்பீக்கர்களுக்குப் புதுக் காகிதக் கூம்பும் சுருளும் ஒட்டிக்கொடுப்பார். டெரியின் ஸ்பீக்கர் இரண்டையும் ஒட்டியவர் அவர்தான். பதினாறு ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் எட்டு. அதையே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் முப்பத்திரண்டு. ஆர்னல்ட் பஸ்ஸில் இருந்த நேரமாகப் பார்த்து டெரியின் பெட்டியை வரவழைத்து, மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஆறரை காட்டியது. மீட்டரில் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஆறரை என்றால் எட்டேதான். ஆர்னல்ட் சாயங்காலம் வந்து பெட்டியின் திருகாணிகளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நாளைக்கு என் பஸ்ஸையும் கழட்டிப் பார்த்துடு" என்றார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

டெரி இல்லை. ஆர்னல்ட் இல்லை. மிச்சம் இருந்தது சுருள். தன் கையில் கோளாறு இருக்கும் என்று டோரீனுக்குத் தோன்றவேயில்லை. கை அவளுடையது. எண்ணிக்கை ஐவியுடையது.

மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மரை அவர்கள் அந்த வாரம் சுற்றி முடித்திருந்தார்கள். வழக்கம்போல் ஐவி முணுமுணுத்தாள், பட்டாணி நகர்ந்தது. ஆனால் டோரீன் முதன்முதலாகக் கண்கொத்திப் பாம்பாக அந்தக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவிக்கு ஐம்பத்தெட்டு வயது. போன மாதம் கடையில் சில்லறையை மறந்துவிட்டு வந்தாள். ஒரு பட்டாணி தவறினால் ஐம்பது சுற்று. ஐம்பது சுற்று போனால் தரகே பிசகிவிடும். சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பது டோரீனின் சுபாவம்.

வியாழக்கிழமை காலை ஐவி சந்தைக்குப் போகிற நாள். அவள் தெருமுனை திரும்பியதும் டோரீன் கதவைச் சாத்தினாள். செத்துப்போன இரண்டாவது சுருளை இயந்திரத்தில் பூட்டி, அறுந்த முனையைப் பிடித்துத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தாள். ஐம்பதுக்கு ஒரு பட்டாணி. கம்பி தரையில் பொன்னிறக் குப்பையாகக் குவிந்தது. இருபத்தெட்டாவது பட்டாணியை எடுக்கும்போது கதவு திறந்தது.

ஐவி கூடையோடு நின்றாள். மீன் கடை திறக்கவில்லையாம், சீக்கிரம் திரும்பிவிட்டாள். தரையைப் பார்த்தாள். கோப்பைகளைப் பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை.

"எத்தனை வந்திருக்கு?"

டோரீன் கோப்பையைப் பார்த்தாள். "ஆயிரத்து நானூறு."

"பாக்கியையும் எண்ணு. நான் இருக்கேன்."

"ஐவி, அது வந்து..."

"எண்ணுடீ."

ஐவி கோட்டைக் கழற்றாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். டோரீன் எண்ணினாள். நிறுத்தியிருக்கலாம். இயந்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். அவள் எண்ணினாள், ஏனென்றால் அந்த நேரத்திலும் அவளுக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. முப்பத்தெட்டாவது பட்டாணி விழுந்தபோது கம்பி தீர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"சரியா இருக்கா?" என்றாள் ஐவி.

"சரியா இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா சரியாத்தான் இருந்துச்சு. நீ கேட்டிருந்தா நானே உக்காந்து பிரிச்சுக் கொடுத்திருப்பேன். நான் வெளிய போறதுக்காகக் காத்திருந்திருக்க பாரு, அதான்..." ஐவி எழுந்தாள். "இனிமே நீயே சுத்து, நீயே எண்ணு. அப்பதான் உனக்குத் தூக்கம் வரும்."

அவள் தெருவைக் கடந்து தன் கதவைச் சாத்துகிற சத்தம் டோரீனுக்குக் கேட்டது. அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்துக்கு நடுவிலும் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. டெரி இல்லை, ஆர்னல்ட் இல்லை, ஐவி இல்லை. அப்படியானால் கிளப்பில் ஏதோ நடக்கிறது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மரை டெரியின் ஆம்பில் பொருத்தினாள். குமிழை எட்டில் வைத்து, அதன் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டாள். யாராவது திருப்பினால் பூச்சு உடையும். சனிக்கிழமை சாயங்காலம் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்னல்ட் முன்னால் வந்து நின்றாள்.

"என்னை கிளப்புக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீயா? பத்து வருஷமாக் கூப்பிட்டேன், பீர் வாடைன்னு சொன்ன."

"இன்னிக்கு வாடை பரவாயில்ல."

பெண்களுக்கு அந்தக் கிளப்பில் உறுப்பினர் சீட்டு கிடையாது. புருஷனோ சகோதரனோ வாசல் நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப்போக வேண்டும். ஆர்னல்ட் கையெழுத்துப் போட்டார். உள்ளே முந்நூறு பேர், சிகரெட் புகை, தட்டுத் தட்டாகப் பட்டாணிக் கூழும் இறைச்சி வடையும். மேடைக்கு முன்னால் மூன்றாவது மேசையில் ஐவி தன் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடுகிற எண்களை அட்டையில் கீறிக்கொண்டே வருகிற பிங்கோ ஆட்டத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறவள். டோரீனைப் பார்த்தாள், பார்க்காததுபோல் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

டோரீன் ஆம்பின் பின்பக்கம் தெரிகிற இடமாகப் பார்த்து, தூணோரம் உட்கார்ந்தாள். டெரி வாசித்தான். அவள் பாட்டைக் கேட்கவில்லை, அவன் கையையே பார்த்தாள். கை குமிழ் பக்கம் போகவில்லை. பக்கத்து மேசைக்காரன் எழுந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சிகரெட் சாம்பல் தட்ட மேடையோரம் போன ஒரு கிழவரை அவள் முறைத்த முறையில், அவர் சாம்பலைத் தன் கையிலேயே தட்டிக்கொண்டு திரும்பினார்.

எட்டரைக்குப் பாட்டு நின்றது. பிங்கோ. கிளப்பின் நிகழ்ச்சிச் செயலாளர் ஸ்டான்லி பிராட்ஹெட், கோட்டில் பதக்கம்போல் ஒரு சின்னத்தைக் குத்திக்கொண்டு மேடை ஏறினார். முந்நூறு பேரும் வாயை மூடினார்கள். கோயிலில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. பிங்கோ ஓடும்போது மதுக்கடைப் பையன் ஒரு கோப்பை பீர்கூட ஊற்ற மாட்டான். இருமல் வந்தால் வெளியே போய் இரும வேண்டும்.

ஸ்டான்லி நேராக மைக்குக்குப் போகவில்லை. ஆம்புக்குப் பின்னால் குனிந்து, ஸ்பீக்கர் கம்பியின் செருகியைப் பிடித்து இழுத்து, சுருட்டித் தரையில் வைத்தார். ஆம்பிலிருந்து வந்துகொண்டிருந்த லேசான 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நின்றது. ஆம்பின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டான்லி கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார்.

டோரீன் தரையில் கிடந்த செருகியையே பார்த்தாள். எட்டு இல்லை, பதினாறு இல்லை, முப்பத்திரண்டும் இல்லை. ஒன்றுமே இல்லை. தரகர் எதிரில் ஆளே இல்லை.

யாரும் வாசிக்காமல் இருந்தாலாவது டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். ஆனால் டெரி முக்காலியில் உட்கார்ந்து, அடுத்த பாட்டுக்காக விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். சத்தம்தான் வராதே என்று எல்லாக் குமிழையும் முழுக்கத் திறந்த மேனிக்கே வைத்து, வலது கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு" என்று எண்ணின் பட்டப்பெயரோடு கூப்பிட்டார் ஸ்டான்லி. பேனாக்கள் கீறின. "ஒத்தையா ஏழு." பேனாக்கள் கீறின.

பிங்கோவை நிறுத்தத் துணியாமல் டோரீன் தவித்துக்கொண்டிருக்க, நாற்பதுக்கு மேல் எண்கள் ஓடிவிட்டன. அந்த அமைதிக்குள் டோரீனின் காதுக்கு மட்டும் ஒன்று கேட்டது. ஆம்புக்குள்ளிருந்து, கொசு பாடுவதுபோல் ஒரு மெல்லிய குரல், டெரி வாசிக்கிற அதே ராகத்தை அப்படியே பாடியது. போய்ச் சேர ஸ்பீக்கர் இல்லாத சக்தி அவளுடைய சுருளை உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் கம்பி அழுதது என்று சொன்னாலும் தப்பில்லை. இன்னும் ஒரு நிமிஷமோ, ஒரு அடியோ. அதற்குமேல் அந்தக் காகிதம் தாங்காது.

"நிறுத்து!"

முந்நூறு தலைகள் திரும்பின. டோரீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். "டெரி, கையை எடு! தந்தியத் தொடாத!" மேடையில் ஏறி, முழங்காலிட்டு, செருகியைப் பிடித்து ஓட்டையில் குத்தினாள். பதறிப்போன டெரியின் கை தந்திகளில் பட, சபை முழுக்க ஒரு பேரிரைச்சல் எழுந்து அடங்கியது. டோரீன் பெட்டியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். கருகல் வாடை இல்லை.

சபை கொதித்துவிட்டது. "வெளிய தள்ளுங்க அவளை!" "யாரு பொண்டாட்டி அது?" "என் ஆட்டம் போச்சு!" ஆர்னல்ட் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஸ்டான்லிக்கு முகம் பீட்ரூட் நிறமாகிவிட்டது. "பதினெட்டு வருஷமா இந்த மேடையில நம்பர் கூப்பிடறேன். குண்டு விழுந்தாலும் நிறுத்தினதில்ல. யாரும்மா நீ?"

"அந்தக் கம்பியப் பிடுங்கினது யாருங்க?"

"நான்தான். ரெண்டு மாசமா நான்தான் பிடுங்கறேன். அந்த இரைச்சல்ல பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு நம்பர் காதுல விழல. கமிட்டில தீர்மானமே போட்டிருக்கோம்."

"ஸ்பீக்கர் இல்லாம வாசிச்சா டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுடும்! இரைச்சல்னா ஆம்பை அணைக்கச் சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே! இந்தத் தம்பிதான் முடியாதுன்னான்."

டெரி கிடாரைக் கீழே வைத்தான். "நீங்கதானேம்மா சொன்னீங்க. முன்னெல்லாம் பிங்கோவுக்குப் பிங்கோ அணைச்சுட்டு இருந்தேன். ராத்திரிக்கு மூணு தடவை. வால்வு சீக்கிரமாப் போச்சு. அப்ப உங்ககிட்ட வந்தப்ப, 'அணைச்சு அணைச்சுப் போடாதடா, என்ன ஆனாலும் எரியட்டும்'னு சொன்னீங்க. செப்டம்பர்ல."

டோரீன் முழங்காலிட்டபடியே இருந்தாள். சொன்னாள். கதவருகில் நின்று, போகிற போக்கில் சொன்னாள். யார் யாரையோ வரிசையாக நிறுத்தி விசாரித்தவள், தன் வாயை மட்டும் விசாரிக்கவில்லை.

இப்போது ஒரு வழி இருந்தது. கமிட்டி பிடுங்கியது, கமிட்டி தப்பு என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். கெல்டர் நம்புவார், பெயர் பிழைக்கும். சபைக்கு அவள் எதையும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. சபைக்கு வேண்டியது பிங்கோ. ஆனால் மூன்றாவது மேசையில் ஐவி பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தாள்.

டோரீன் எழுந்தாள். ஸ்டான்லியின் மைக் திறந்தே இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். குரல் சபையின் கடைசிச் சுவர்வரை போய் இடித்தது. அவளே திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. "ரெண்டு எரிஞ்சது என் பேச்சாலதான். இந்தப் பையனைத் திருடன் மாதிரி விசாரிச்சேன். என் வீட்டுக்காரரு ஸ்பீக்கரை அவருக்குத் தெரியாமப் பிரிச்சேன். ஐவி எண்ணினது தப்பா இருக்கும்னு, அவ இல்லாத நேரம் பார்த்து எண்ணிப் பார்த்தேன். ஒரு சுத்துகூடத் தப்பு இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க. ஐவி சக்டன் எண்ணினா அதுல ஒரு சுத்துகூடத் தப்பு இருக்காது."

"யாரு கேட்டா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நம்பரைக் கூப்பிடுங்கய்யா!"

"இந்த ஆட்டம் செல்லாது" என்று ஸ்டான்லி அறிவித்தார். சபை ஊளையிட்டது. டோரீனுக்குக் கமிட்டியிலிருந்து கடிதம் வரும் என்றும், ஆர்னல்டின் சீட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். டோரீன் படியிறங்கினாள். மூன்றாவது மேசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்ட முடியவில்லை. நின்றுவிட்டாள்.

ஐவி தன் அட்டையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். எல்லாக் கட்டமும் கீறியிருந்தது. ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஒரு நம்பர்" என்றாள் ஐவி. "ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி இருந்துச்சு எனக்கு. நாலு வருஷமா ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல."

"ஐவி, நான் பண்ணினது..."

"கேட்டுச்சு. கல்லறையில படுத்திருக்கற என் புருஷனுக்கே கேட்டிருக்கும்." ஐவி அட்டையை இரண்டாகக் கிழித்துச் சாம்பல் தட்டில் போட்டாள். புது அட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்து, பேனாவை உதறினாள். தலை நிமிரவில்லை.

"திங்கக்கிழமை வர மாட்டேன். ஒரு நாள் தனியா எண்ணிப் பாரு. செவ்வாய்க்கிழமை வரேன்."